வறண்ட தோலுக்கு வீட்டிலேயே: வெறும் எண்ணெயா, மெழுகுக் களிம்பா, கிரீமா?

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் நேரம் வந்தால் செட்டிநாட்டுப் பக்கம் பாதிப் பேருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்துவிடும். நகம் பட்டால் கோடு விழும். தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போய் வந்தவர்களின் குதிகாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் வேறு மாதிரி. பகலெல்லாம் வெயிலும் செம்மண் புழுதியும், குளிக்க போர்வெல் உப்புத் தண்ணீர், ராத்திரி முழுக்க ஏசி. ஆக, வருஷத்தில் தோல் நிம்மதியாக இருப்பது ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில்தான்.

இதற்குக் கடை மாய்ஸ்சரைசரை வாங்கிப் பூசாமல் வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. செய்யலாம். வழிகள்தான் அதிகமாகிவிட்டன. கற்றாழையோடு தேங்காய் எண்ணெயை மிக்ஸியில் அடித்து வெள்ளைக் கிரீம் எடுக்கச் சொல்கிறார் ஒருவர், கிளிசரினில் பன்னீர் கலக்கச் சொல்கிறார் இன்னொருவர், தேன்மெழுகு உருக்கு என்கிறார் மூன்றாமவர், அப்பத்தாவோ எதுவும் வேண்டாம், நல்லெண்ணெய் தேய்த்துக்கொள் போதும் என்கிறார். இவற்றில் எதை வீட்டில் செய்வது, எதைக் கடையில் வாங்குவது என்று பிரிக்க ஒரு கேள்வி போதும்: அதில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? என் பரிந்துரை முழுவதும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நிற்கிறது.

ஏன் என்று சொல்வதற்கு முன், தோலுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன, இடையில் கொழுப்பு பூசியிருக்கிறது. அந்தக் கொழுப்பு குறைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் காற்றோடு போய்விடும். மாய்ஸ்சரைசர் என்று நாம் சொல்வது மூன்று வேலையில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ செய்யும். கிளிசரின், தேன், கற்றாழை போன்றவை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய்கள் செல்களுக்கு இடையே புகுந்து சொரசொரப்பைத் தணிக்கும். மெழுகு, வாசலின் போன்றவை மேலே மூடி போட்டு ஈரம் வெளியேறாமல் தடுக்கும். மூடி போடுவதில் வாசலினை அடிக்க ஆள் இல்லை. தோல் வழியாகப் போகும் ஈரத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிடும் என்பது தோல் மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வாசலின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆகவே இயற்கையானது வேண்டும் என்பவர்களுக்கு இது கசக்கும், ஆனாலும் உண்மை.

கவனித்தால், இந்த மூன்றில் எதுவுமே தோலுக்குள் தண்ணீரை ஊற்றுவதில்லை. தண்ணீர் நம் குளியலிலிருந்தே கிடைக்கிறது. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் ஈரமாக இருக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எதைப் பூசினாலும் பலன் கூடும். காய்ந்து வெள்ளை பூத்த காலில் மத்தியானம் போய் எண்ணெய் தடவுவதில் பாதிப் பயன்தான்.

இப்போது தண்ணீர் விஷயம். மிக்ஸியில் அடித்த கற்றாழைக் கிரீம் பார்க்க அழகாக இருக்கும். வெண்ணெய் போல நிற்கும், பூசினால் குளிர்ச்சி, பிசுக்கு இருக்காது. ஆனால் கற்றாழைச் சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மிச்சம் இருப்பது சர்க்கரை வகைச் சத்துகள். தண்ணீரும் சத்தும் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராமல் வேறு என்ன செய்யும்? மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், தூக்கிப் போட்டுவிடலாம். தொல்லை என்னவென்றால் பாக்டீரியா பெருகியிருப்பது பல நேரம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. வெடித்த தோலில், சொறிந்து ரணமான இடத்தில் அதைப் பூசினால் தொற்று வர வாய்ப்பு உண்டு.

இதற்கு வீடியோக்களில் சொல்லும் தீர்வு வைட்டமின் ஈ மாத்திரை. ஒன்றிரண்டை உடைத்து ஊற்றினால் கெடாது என்கிறார்கள். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கிருமியை அது ஒன்றும் செய்யாது. எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். அதில் கூடுதல் ஆபத்தும் இருக்கிறது: எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் போகாத கருந்திட்டும் வரலாம். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையா?

சரி, முறையாகவே கிரீம் செய்தால்? அதற்கும் வழி இருக்கிறது. நூற்றுக்கு எழுபது பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர், இருபது பங்கு எண்ணெய், எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்டவைக்கும் எமல்சிஃபையிங் வாக்ஸ் ஐந்தாறு பங்கு, கொஞ்சம் கிளிசரின். தண்ணீரையும் எண்ணெயையும் தனித்தனியாக 70 டிகிரிக்குச் சூடாக்கிக் கலந்து, ஆறும்வரை அடித்து, சூடு தணிந்ததும் கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் சேர்க்க வேண்டும். ஃபீனாக்ஸிஎத்தனால் என்றால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை எடைபோட 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டும், பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். செய்து முடித்துப் பார்த்தால் கையில் இருப்பது கடையில் விற்பதைப் போன்ற ஒரு கிரீம்தான், பிரிசர்வேட்டிவ் உட்பட. ரசாயனம் வேண்டாம் என்று ஆரம்பித்தவருக்கு இது எப்படித் திருப்தி தரும்? அந்தக் கைவேலையில் ஆசை இருப்பவர்கள் தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும். ஆசை தோலின் மேல்தான் என்றால், வாசனை சேர்க்காத சாதாரண கிரீம் ஒன்றை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வது மேல்.

தேன்மெழுகு சேர்த்தால் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தேன்மெழுகு மட்டும் அந்த வேலையைச் செய்யாது. பழைய ‘கோல்ட் கிரீம்’ முறையில் அதோடு வெண்காரம் சேர்ப்பார்கள், அப்போதுதான் பிடிக்கும். வெண்காரம் இல்லாமல் அடித்தால் இரண்டு நாளில் டப்பாவின் அடியில் தண்ணீர் தனியாகக் கசிந்து நிற்கும்.

ஆகவே தண்ணீர் இருப்பது என்றால் இரண்டே வழி. அன்றைக்கன்றைக்கோ, மிஞ்சினால் சில நாளுக்குள்ளோ தீரும் அளவு கொஞ்சமாகச் செய்வது, அல்லது வாங்குவது. தண்ணீர் இல்லாத எண்ணெயும் களிம்பும் வீட்டில் செய்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள ஏற்றவை. அங்கேதான் தேர்வு செய்ய நிறைய இருக்கிறது.

வெறும் எண்ணெய்

செட்டிநாட்டில் இதற்காக எங்கேயும் அலைய வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டைத் தெருக்களில் மரச்செக்குக் கடைகள் இருக்கின்றன. எந்த எண்ணெய் என்பதில்தான் யோசிக்க வேண்டும்.

நல்லெண்ணெயை முதலில் வைக்கிறேன். அதில் லினோலெயிக் அமிலம் நூற்றுக்கு நாற்பது பங்கைச் சுற்றி இருக்கிறது. தோலின் கொழுப்புச் சுவரைக் கட்ட உதவுவது இந்த அமிலம். இயல்பாகவே கெட்டுப்போவதைத் தடுக்கும் பொருள்களும் எள்ளில் உண்டு, அதனால் மற்ற எண்ணெய்களைவிடத் தாமதமாகச் சிக்கு வாடை வரும். குறை இரண்டு: வாடை எல்லாருக்கும் பிடிக்காது, பிசுக்கும் கொஞ்சம் அதிகம். செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்கள் அல்லவா, அது எண்ணெயில் கரையாது, பெரும்பாலும் புண்ணாக்கோடு போய்விடும். ஆனாலும் புதிதாக ஆட்டிய எண்ணெயில் மண்டி இருக்கும். சமையலுக்குப் பரவாயில்லை. தோலுக்கு என்றால் சில நாள் தெளியவிட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். மண்டியோடு சேர்ந்த ஈரம்தான் எண்ணெயைச் சீக்கிரம் கெடுப்பது.

தேங்காய் எண்ணெய்க்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் தேங்காய் எண்ணெயையும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், சில பாக்டீரியாக்களை அடக்கவும் செய்யும். உடம்புக்கும் கைகாலுக்கும் தடையில்லை. முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் தள்ளியே இருக்க வேண்டும், துவாரத்தை அடைக்கும் எண்ணெய்களில் இதுவும் ஒன்று. 24 டிகிரியில் உருகிவிடுவதால் நம் ஊரில் மார்கழி அதிகாலையைத் தவிர மற்ற நேரமெல்லாம் திரவம்தான். 2025-இல் விலை ஏறிய ஏற்றத்தில் உடம்பெல்லாம் பூசக் கை கூசியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆலிவ் எண்ணெய் வாங்கிப் பூசுவது ஒரு கௌரவமாகிவிட்டது. சமையலுக்கு எப்படியோ, வறண்ட தோலுக்கு நான் சொல்ல மாட்டேன். 2013-இல் வெளியான ஒரு ஆய்வில் ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனமாக்கியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆலிவில் ஒலெயிக் அமிலம் மிக அதிகம், சூரியகாந்தியில் லினோலெயிக் அதிகம் என்பதே வேறுபாடு. அடுப்படியில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் தோலுக்கு நல்லது என்று யாருமே சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். வாடை இல்லை, இலேசு, மலிவு. முகத்துக்கு ஏதாவது எண்ணெய் வேண்டும் என்பவர்களுக்கு அதில் இரண்டு சொட்டைத்தான் சொல்வேன்.

கடலை எண்ணெய் பெரியவர்கள் தோலுக்குப் பரவாயில்லை. பச்சைக் குழந்தைகளுக்கு, முக்கியமாகத் தோல் கரப்பான் கண்டு ரணமாக இருக்கும் பிள்ளைகளுக்கு, செக்குக் கடலை எண்ணெய் வேண்டாம். செக்கெண்ணெயில் கடலைப் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். ரணத்தோல் வழியாக அது உள்ளே போனால் பின்னாளில் கடலை ஒவ்வாமைக்கு வழிவிடலாம். விளக்கெண்ணெய் தனியாகப் பூச முடியாத அளவு கனம், வேறொன்றோடு நாலில் ஒரு பங்கு கலந்தால் நன்றாக மூடி போடும்.

இலுப்பெண்ணெயைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்றுக்கே இலுப்பைக்குடி என்று பேர் இருக்கிற சீமை இது. முன்பு கோவில் விளக்குக்கு எரித்த எண்ணெய். குளிரில் நெய் போல உறைந்துவிடும், கையில் எடுத்துத் தேய்த்தால் உருகும். கால் வெடிப்புக்கு அதைத் தேடிப் பூசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் வாடையைத் தாங்கிக்கொள்ள முடிந்தால் குதிகாலுக்கு நல்ல தேர்வு. ஒரே கஷ்டம், சுத்தமான இலுப்பெண்ணெய் கிடைப்பது. விளக்கேற்ற என்று விற்கும் கலப்பு எண்ணெய்களை ‘இலுப்பை’ என்ற பேர் இருப்பதால் மட்டும் உடம்பில் பூசிவிடாதீர்கள்.

எண்ணெயின் நல்ல பக்கம் இவ்வளவு. கெட்ட பக்கம் வீட்டைச் சேர்ந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எண்ணெய்க் காலோடு நடந்து பாருங்கள்! பட்டாலையிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் இடுப்பு போய்விடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் காலுக்கு எண்ணெய் என்பது ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து தடவி, பருத்தி உறை மாட்டிக்கொண்டு படுப்பதற்கு மட்டும். அப்புறம் துணி. கண்டாங்கிச் சேலையில் எண்ணெய்க் கறை ஏறினால் போவதற்குள் சாயம் மங்கிவிடும்.

மெழுகுக் களிம்பு

இந்தக் குறைகளுக்கு விடைதான் களிம்பு. எண்ணெயோடு தேன்மெழுகு சேர்த்து உருக்கி ஆறவைத்தால் முடிந்தது. தண்ணீர் இல்லை, ஆகவே கிருமிப் பயம் குறைவு. கொஞ்சம் எடுத்தால் நிறைய இடத்துக்கு வரும், வழியாது, வெறும் எண்ணெயைவிட நன்றாக மூடி போடும். கை, குதிகால், முழங்கை, உதடு ஆகிய நான்குக்கும் வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதற்கு மேல் ஒன்றை நான் காணவில்லை.

தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், கதர் கடைகளிலும் சில நேரம் இருக்கும். கேட்டால் கடைக்காரர், “என்னத்துக்கு ஆச்சி, கால் வெடிப்புக்கா?” என்பார். “ஆமாண்ணே, மெழுகுவர்த்தி மெழுகு குடுத்துறாதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சுத்தமான தேன்மெழுகு மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும், தேன் வாசம் வரும், உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் இளகும். வெள்ளையாக, பளபளவென்று, வாசமே இல்லாமல் இருந்தால் பாரஃபின் (மெழுகுவர்த்தி மெழுகு) கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பாரஃபினால் தோலுக்குக் கெடுதல் எதுவும் இல்லை, கொடுத்த காசுக்குத்தான் கெடுதல்.

அளவு நம் ஊர்ச் சூட்டை வைத்துப் போட வேண்டும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஒரு பங்கு மெழுகுக்கு எட்டுப் பங்கு எண்ணெய் வரை போடுவார்கள். அதைச் சித்திரையில் காரைக்குடியில் வைத்தால் டப்பாவில் கூழாகக் கிடக்கும். வெயில் காலத்துக்கு மெழுகு 20 கிராம், எண்ணெய் 80 கிராம். மார்கழி, தைக்கு மெழுகு 15 கிராம், எண்ணெய் 85 கிராம் போதும், இல்லாவிட்டால் கல் போல இறுகி விரலில் வராது. எண்ணெயில் பாதி நல்லெண்ணெய், பாதி தேங்காய் எண்ணெய் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். வெடிப்புக்கு மட்டும் என்றால் பத்துப் பங்கில் இரண்டை விளக்கெண்ணெயாக மாற்றலாம். டம்ளர், கரண்டிக் கணக்கு வேண்டாம், எடைபோட்டே செய்யுங்கள்.

மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, சீவிய மெழுகை முதலில் போட்டு, உருகியதும் எண்ணெயை ஊற்றுங்கள். எண்ணெய் பட்டதும் மெழுகு திரைந்து கட்டியாகும், பயப்பட வேண்டாம், மறுபடி இளகிவிடும். கிண்ணத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். எல்லாம் தெளிந்ததும் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்து விரலால் தொட்டுப் பாருங்கள். ரொம்ப இளகலாக இருந்தால் கொஞ்சம் மெழுகு, ரொம்ப இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் எண்ணெய். அதன் பிறகே டப்பாவில் ஊற்ற வேண்டும். நன்றாகக் காய்ந்த, வாய் அகன்ற, சின்ன டப்பாக்கள் நல்லது. ஊற்றியபின் முழுதாக ஆறும்வரை மூடக் கூடாது, மூடினால் உள்ளே வேர்த்து அந்த ஈரம் களிம்பில் சேரும்.

ஈரக் கையை டப்பாவுக்குள் விடாமல் இருந்தால் நாலைந்து மாதம் தாராளமாக வரும். மூடியைத் திறந்ததும் பழைய எண்ணெய்ச் சட்டி வாடை அடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வாசத்துக்கு என்று சிலர் லவங்க எண்ணெய், பட்டை எண்ணெய் எல்லாம் ஊற்றுகிறார்கள். வறண்ட தோலுக்கு இவை எரிச்சல். வாசம் இல்லாமலே ஓட்டுங்கள். வேண்டுமென்றால் வெட்டிவேரை வெயிலில் நன்றாகக் காயவைத்து, நல்லெண்ணெயில் ஒரு வாரம் ஊறப்போட்டு வடித்துப் பயன்படுத்தலாம். காயாத வேரில் ஈரம் இருக்கும், அங்கே மறுபடி தண்ணீர்க் கதை வந்துவிடும். பச்சை மஞ்சள், பச்சைத் துளசி, செம்பருத்தி இதழ் எதையும் அப்படியே எண்ணெயில் ஊறப்போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

களிம்பின் குறை: முகத்துக்கு ஆகாது. எண்ணெய் வடியும் முகமாக இருந்தால் நிச்சயமாக ஆகாது. வேர்த்துக் கொட்டும் பங்குனி, சித்திரைப் பகலில் உடம்பெல்லாம் பூசினால் வேர்க்குரு கிளம்பும்.

கிளிசரினும் பன்னீரும்

நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பன்னீர்ச் செம்பு எடுக்கும் வழக்கம் இருப்பதாலோ என்னவோ இந்தக் கலவைக்குத் தனி மவுசு. மருந்துக்கடைக் கிளிசரின் ஒரு பங்கு, பன்னீர் மூன்று பங்கு. பிசுக்கு இல்லை, முகத்துக்கும் ஒத்துக்கொள்ளும், எண்ணெய்த் தோலுக்கும் சரி. ஆனால் கிளிசரின் ஈரத்தை இழுக்கும் பொருள். வெளியே காற்றில் ஈரம் இருந்தால் அங்கிருந்தும் கொஞ்சம் எடுக்கும், காற்று காய்ந்திருந்தால் தோலின் உள்ளிருந்தே எடுத்து வெளியே விடும். ஆகவே ஏசி அறையிலும் மாசிக் காற்றிலும் இதை மட்டும் பூசிக்கொண்டு படுத்தால் காலையில் முகம் இழுக்கும். மேலே சூரியகாந்தி எண்ணெய் இரண்டு சொட்டு தடவினால் சரியாகிவிடும். கிளிசரினைத் தண்ணீர் சேர்க்காமல் நேராகப் பூசக் கூடாது.

பன்னீர் விஷயத்தில் கறாராக இருங்கள். விசேஷ வீட்டில் தெளிக்க விற்கும் பன்னீரில் பெரும்பாலும் செயற்கை வாசனைதான், தோலுக்கு வேண்டாம். நல்ல பன்னீர் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர் போதும், தோலுக்கு வாசம் முக்கியமில்லை. தண்ணீர் சேர்ந்ததால் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், சின்னக் குப்பியில் அவ்வப்போது கலந்துகொள்ளலாம்.

நூறு முறை கழுவிய நெய்

ஆயுர்வேதத்தில் ‘சததௌத கிருதம்’ என்று சொல்வது. பசு நெய்யைத் தாம்பாளத்தில் போட்டு, தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்து, தண்ணீரை இறுத்து, மறுபடி விட்டு, இப்படி நூறு தடவை. செப்புத் தட்டில் செய்யச் சொல்வார்கள். மஞ்சள் நிறம் போய், நெய் வாசமும் பெரும்பாலும் போய், கடைக் கிரீமை விட வெளுப்பாகப் பஞ்சு போல ஒன்று வரும். தோலில் வைத்தால் குளிர்ச்சி, நன்றாகவும் இறங்கும். வீட்டில் கிரீம் வேண்டும், எமல்சிஃபையர் வேண்டாம் என்பவர்களுக்குப் பொருந்துவது இது ஒன்றுதான்.

உட்கார்ந்து செய்ய ஒரு மத்தியானம் வேண்டும். நல்ல நெய் விலைக்கு அதைக் காலில் பூசுவதா என்று ஆயா கேட்பார், நியாயமான கேள்விதான். தண்ணீர் உள்ளே சிக்கியிருப்பதால் இதுவும் அதிகம் தாங்காது. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்கேற்ப நாலைந்து கரண்டி நெய்யில் செய்தால் போதும். சூடுபட்ட புண்ணுக்கு உடனே இதைப் பூசும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சூடு பட்டால் முதலில் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் வைத்தியம்.

அடுப்படிப் பொருள்கள்

பாலாடை, தயிர், தேன், கற்றாழை, வாழைப்பழம் எல்லாம் பூசி வைத்துக் கழுவுகிற வகை. பாலாடையில் கொழுப்பும் இருக்கிறது, கொஞ்சம் லாக்டிக் அமிலமும் இருக்கிறது, சொரசொரப்பு தற்காலிகமாகக் குறையும். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுதாக வடியவிட்டு, சோற்றை நன்றாக அலசிக்கொள்ள வேண்டும். அந்தப் பால் அரிக்கும். இவற்றைக் கழுவியபின் தோல் மறுபடி காய்ந்துவிடும் என்பதால் எண்ணெயோ களிம்போ தேவைப்படத்தான் செய்யும்.

முட்டை வெள்ளைக்கருவை முகத்தில் பூசச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு அதைச் சேர்த்துச் சுவருக்குப் பூசினார்கள், சுவர் இன்னும் பளபளக்கிறது. முகத்தில் அது காய்ந்து இறுக்கும், ஈரம் தராது. சுவரோடு நிற்கட்டும்.

யாருக்கு எது என்று கேட்டால், சாதாரணமாக வறண்ட தோல் உள்ள பெரியவர்களுக்குக் குளித்த ஈரத்தில் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் கொஞ்சமாக, கைக்கும் காலுக்கும் உதட்டுக்கும் களிம்பு. இரண்டும் சேர்ந்தால் செலவும் வேலையும் குறைவு, வருஷம் முழுக்க ஓடும். எண்ணெய் வடியும் முகத்துக்குக் கிளிசரின் கலவை, அல்லது கடையில் வாங்கும் இலேசான லோஷன். அலுவலகம், பள்ளிக்கூடம் போகிறவர்களுக்குப் பகலில் பிசுக்கு ஆகாது, அவர்கள் காலையில் கடைக் கிரீமும் ராத்திரி களிம்புமாகப் பிரித்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பழனி நடைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்தபிறகு களிம்பைத் தேடுவதற்குப் பதில், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே ராத்திரிதோறும் குதிகாலில் பூசி வந்தால் வெடிப்பு ஆழமாகாது. நடக்கும் காலையில் பூச வேண்டாம், மண்ணும் கல்லும் ஒட்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்துக்குக் களிம்பு பூசலாம், பூசவும் வேண்டும். விரலிடுக்கில் மட்டும் கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ரத்தம் வரும் அளவு வெடித்திருந்தால் களிம்பெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர். கரப்பான், சொரியாசிஸ் போல நாட்பட்ட தோல் நோய் உள்ளவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் வீட்டுச் சோதனை வேண்டாம்.

எதைச் செய்தாலும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லை என்றால் மற்ற இடத்துக்கு. முதல் தடவை 50 கிராமுக்கு மேல் காய்ச்ச வேண்டாம். சோப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் களிம்பின் வேலை பாதியாகும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் காரைக்குடியிலேயே குளிக்கப் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான், அந்த உப்போடு சோப்பு சேர்ந்தால் தோலில் படிந்து காயவைக்கும். காலுக்கும் கைக்கும் பயத்தமாவு தேய்த்துக் குளிப்பது அதற்கு நல்ல மாற்று.

களிம்பு நன்றாக வந்துவிட்டால் அடுத்து எல்லாருக்கும் வரும் யோசனை, டப்பாவில் பேர் ஒட்டி விற்றால் என்ன என்பது. சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது உங்கள் இஷ்டம். விற்பனைக்கு என்று செய்தால் அது சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம், 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் ஆகியவற்றின் கீழ் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். சமையல் அடுப்பில் காய்ச்சிய களிம்புக்கு அது கிடைக்காது. தயாரிக்கத் தனி இடம், தகுதியுள்ள ஆள், லேபிளில் சேர்மானப் பட்டியல் எல்லாம் கேட்பார்கள்.